கைதட்டலும் மெய்சிலிர்ப்பும்



'நரம்பு' என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது. யாழின் தந்தியை நரம்பு என்றனர் நம் முன்னோர். புறங்கையில் நீலமாய்த் தெரியும் குருதிக்குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம். அதில் மருந்து ஏற்றுவதை 'நரம்பு ஊசி' என்கிறோம். இவ்விரண்டையும் விடுத்து, உணர்வைச் சுமந்து செல்லும் நரம்பைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். கவிதை வாசகனைச் சென்று சேரும் வழி அதுவே.

மனித நரம்பு மண்டலத்தை உடலியலார் இரு பெரும் பிரிவாக வகுப்பர். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கிளைத்து உடலெங்கும் பரவுவது புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. புலன்கள் பெற்ற செய்தியை உள்ளே கொண்டு செல்பவை உணர்ச்சி இழைகள். ஆணையை வெளியே கொண்டு வருபவை இயக்க இழைகள்.

ஆணையைக் கொண்டு வரும் இவ்விழைகளில் கவிஞர்கள் கருதத்தக்க பாகுபாடு ஒன்று உள்ளது. ஒருவகை நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. கையை உயர்த்த எண்ணினால் கை உயர்கிறது. மற்றொரு வகை நம்மைக் கேளாமலே இயங்குவது. இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை, கண்ணீர் ஆகியன அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. தன்னாட்சி உடையது எனப் பொருள்படும் பெயரை 1898ஆம் ஆண்டில் அதற்கு இட்டவர் கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி. தானியங்கு நரம்பு மண்டலம் என்று நம் பாடநூல்கள் அதனை வழங்குகின்றன. அதனுள்ளும் இரு கூறுகள் உண்டு. பரிவு நரம்புகள் ஆபத்து வேளையில் இதயத்தை விரைவுபடுத்தும், கண்மணியை விரிக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை அமைதிப்படுத்தும். கண்ணீரைச் சுரக்கச் செய்யும்.

இதனை இவ்வரங்கிலேயே காணலாம். ஒருவர் கவிதை படிக்கிறார். ஒலி செவியில் விழுந்து, எட்டாம் மூளை நரம்பின் வழியே மூளையை அடைகிறது. கவிதை முடிந்ததும் நாம் கைதட்டுகிறோம். அது விருப்பத்திற்குக் கட்டுப்பட்ட நரம்பின் செயல். கவிதை பிடிக்காவிடினும் நாகரிகம் கருதித் தட்டலாம். எப்போதோ ஒருமுறை ஓர் அடியைக் கேட்டதும் மெய்சிலிர்க்கிறது. அப்போது செய்தி மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, முதுகெலும்பின் இருமருங்கும் மணிமாலைபோல் அமைந்த நரம்பு முடிச்சுகளைக் கடந்து, பரிவு நரம்பின் வழியே மயிர்க்காலை அடைந்து, அங்குள்ள சிறு தசையைச் சுருக்குகிறது. நாகரிகம் கருதி எவரும் மெய்சிலிர்ப்பதில்லை.

தொல்காப்பியத்தில் உவமவியலுக்கும் செய்யுளியலுக்கும் முன்னதாகவே மெய்ப்பாட்டியல் வைக்கப்பட்டுள்ளது. அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலிய எண்வகை மெய்ப்பாடுகள் அங்கே பேசப்படுகின்றன. இன்றைய நரம்பியலைத் தொல்காப்பியர் அன்றே அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுதலைச் செய்யுளின் உறுப்பாகவே அவர் கருதினார் என்பதையே நினைவூட்டுகின்றேன்.

பத்தாண்டுகளாக இங்கு நாம் படித்த கவிதைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் பல 'அழு' என்றும், 'பொங்கி எழு' என்றும் ஆணையிட்டன. ஆணைக்கு அடங்கும் நரம்பு கைக்குச் செல்கிறது. கண்ணீர்ச் சுரப்பிக்குச் செல்வதில்லை. ஆகவே நமக்குக் கைதட்டல் கிடைத்தது.

என் கவிதையும் இதற்கு விலக்கன்று. என் தாயார் மறைந்தபின் நான் எழுதிய இரங்கற்பா இம்மன்றத்தில் பெருத்த கைதட்டல் பெற்றது. 'கண்ணீர்' என்னும் சொல் அதில் ஏழு இடங்களில் வந்தது. படித்த எனக்கும் கண் கலங்கவில்லை, கேட்டோர்க்கும் கலங்கவில்லை. அன்றிரவு வீட்டில் ஏதோ தேடியபோது அம்மாவின் மூக்குக்கண்ணாடி அகப்பட்டது. உடைந்த காதுக்கம்பியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தார்கள். புதிது வாங்கித் தருகிறேன் என்று நான் பலமுறை சொல்லி மறந்திருந்தேன். அழுகை என்னைக் கேளாமல் வந்தது. அந்த நூலை நான் எழுதியிருக்க வேண்டும்.

இனிவரும் கூட்டங்களில் ஒரு கவிதை முடிந்ததும் சற்று நேரம் கைதட்டாமல் இருந்து பார்ப்போம் என்பது என் வேண்டுகோள். அந்த அமைதியில் நம் உடல் என்ன சொல்கிறது என்பதைக் கவனிப்போம்.