ஓடும்போதே மாறும் உலாவி

கணினியிலும் கைப்பேசியிலும் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் கருவிக்கு உலாவி என்று பெயர். பிரவுசர் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்பவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, நமக்குத் தெரியாமல், உலாவி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதனால் வரும் தொல்லையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்து மண்டபத்தில் பொதுக் கணினி ஒன்று இருக்கிறது. அதை யாரும் அணைப்பதே இல்லை. ஒரு நாள் மாலை, ஐந்தாம் படிவம் முடித்த பெண்பிள்ளை ஒருத்தி அதில் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்று இரவு 12 மணியோடு கெடு முடிகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவள் தாயார், சம்பளச் சீட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தார்.

முக்கால் பாகம் முடிந்த நிலையில், வேறொரு விவரம் தேடுவதற்காகப் பிள்ளை இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். பக்கம் வரவில்லை. உலாவியை மூடித் திறந்தால்தான் மேற்கொண்டு நடக்கும் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. "என்னத்தடி அமுக்கினே?" என்றார் தாயார். "நான் ஒன்றும் தொடலம்மா" என்று பிள்ளை அழத் தொடங்கினாள். நானும் அவசரத்தில், அது சொல்கிறபடி செய் என்று சொல்லிவிட்டேன். மூடித் திறந்ததும் பழைய பக்கம் திரும்பி வந்தது. ஆனால் அந்தத் தளம் மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. கொடுத்து உள்ளே போனால், கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படியானால் நடந்தது என்ன?

ஒரு கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். காலைப் பெரட்டில் அன்றைய கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஆட்களோடு மலைக்குப் போய்விட்டார். நடுப்பகலில், அவருக்குச் சொல்லாமல், ஆபீசில் நிரைகளின் எண்களை எல்லாம் மாற்றிப் புதிய புத்தகம் போட்டுவிடுகிறார்கள். காலையில் போனவர்களுக்குத் தொல்லையில்லை, பழைய கணக்கிலேயே வேலை நடக்கிறது. இப்போது கங்காணி இன்னோர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். புது ஆள் புதிய புத்தகத்தோடு வந்து நிற்கிறான். இவர் 12ஆம் நிரை என்றால் அவன் வேறோர் இடத்துக்குப் போகிறான். வேலை ஓடுமா?

உலாவிக்குள்ளும் ஒரு கங்காணியும் பல ஆட்களும் உண்டு. ஒரு பக்கம் கெட்டுப் போனால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காக, பக்கங்களைத் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கும் முறை இது. ஃபயர்ஃபாக்ஸ் 2016 ஆகஸ்டில், தன் 48ஆம் பதிப்பில், இதன் முதல் படியைப் பொதுமக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்புகளையே மாற்றிவிட முடியும். கங்காணியின் கையில் பழைய பதிப்பு இருக்கும், வட்டில் புதிய பதிப்பு வந்துவிடும். புதுப் பக்கம் திறக்க ஆள் அழைத்தால் புதிய பதிப்பின் ஆள் வருவான். இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரிந்ததும், தாறுமாறாக ஓடுவதைவிட நிற்பதே மேல் என்று ஃபயர்ஃபாக்ஸ் நின்றுவிடுவதுண்டு. விண்டோஸ் கணினியில் குரோம் செய்வது வேறு. புதிய பதிப்பைத் தனி அறையில் இறக்கி வைத்துவிட்டு, நாம் மூடித் திறக்கும் வரை பழையதிலேயே ஓடும். அங்கே இந்தச் சண்டை அநேகமாக வராது. ஆனால் மூடவே மூடாதவர்களுக்குப் புதிய பதிப்பு கைக்கு வந்து சேர்வதும் இல்லை!

நிற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நின்ற பிறகு சொல்வதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. மாற்றுவதற்கு முன்னே சொன்னால் என்ன? சொல்ல முடியாததன்று. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 என்னும் லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகிறது. உலாவி திறந்திருந்தால், மூடுங்கள், இன்னும் இத்தனை நாள் பொறுப்பேன் என்று அது முன்கூட்டியே அறிவிக்கிறது.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. 2021 மார்ச் மாதம் பல நாடுகளில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் முதலான பல செயலிகள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. அந்தச் செயலிகளில் பிழை இல்லை. அவை இணையப் பக்கம் காட்ட நம்பியிருந்த வெப்வியூ என்ற உள் உறுப்பில்தான் கோளாறு. ஜனங்கள் தங்கள் கைப்பேசி கெட்டுவிட்டதென்று நினைத்தார்கள். அதற்குக் கொடுக்கப்பட்ட மருந்து என்ன தெரியுமா? இன்னொரு புதுப்பிப்புதான்!

அப்படியானால் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். 2017 மார்ச்சில் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளில்தான் மே 12ஆம் தேதி தொடங்கி வான்னாக்ரை என்ற கேடு புகுந்தது. பிரிட்டனில் மருத்துவமனைகள்கூட வேலை நடத்த முடியாமல் திணறின. நாள்தோறும் முன்பின் தெரியாத தளங்களுக்குப் போய்வரும் உலாவிக்கு ஓட்டை இன்னும் ஆபத்தானது. புதுப்பிப்பு வரட்டும். அது எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை நாம் வைத்துக்கொள்வோம்.

விண்ணப்பம் நிரப்ப உட்காரும் முன்பு உலாவியை முழுவதும் மூடித் திறந்துகொள்ளுங்கள். வலப்பக்க மூலையில் புதுப்பிக்கச் சொல்லும் குறி தெரிந்தால், அதை முதலில் முடித்துவிடுங்கள். பொதுக் கணினியை இரவில் அணைத்துவிடுவது நல்லது. மறைவு உலாவல் சன்னலில் விண்ணப்பம் நிரப்பாதீர்கள். அது மூடினால் மூடியதுதான், திரும்பி வராது. தளத்தில் இடையிடையே சேமிக்கும் பொத்தான் இருந்தால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதை அமுக்குங்கள். கைப்பேசியை இரவில் வைஃபை உள்ள இடத்தில் மின்னூட்டத்தில் வைத்தால், அது சும்மா இருக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இதில் மோசடிக்காரர்களும் புகுந்திருக்கிறார்கள், தாய்மார்களே. ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் உலாவி பழையது, இதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பக்கமே சொன்னால் நம்பாதீர்கள். மூடித் திறக்கச் சொல்லும் உண்மையான அறிவிப்பு பணம் கேட்காது, வங்கிக் கடவுச்சொல் கேட்காது. ஐயம் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, உலாவியின் சொந்தப் பட்டியலுக்குள் போய்ப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். தாயார் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கேள்விகளையும் பதில்களையும் முதலில் அதில் வரிசையாக எழுத வைத்தார். பிறகு மகள் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, இவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் கொடுத்தார். முதல் முறை ஒன்றரை மணி நேரம் பிடித்த வேலை இம்முறை அரை மணியில் முடிந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி 11ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பயிற்சிப் புத்தகம் இப்போது மண்டபத்துக் கணினியின் பக்கத்தில், நூல் கட்டிய பென்சிலோடு தொங்குகிறது.