பட் ஃபாஸ்டரை எந்த வருஷத்தை வெச்சு எடை போடுவீங்க?

இன்னைக்கு பட் ஃபாஸ்டர் பஞ்சாயத்து.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி: அங்கே தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே, டிஃபென்ஸுக்கு மட்டும் திட்டம் போட ஒருத்தர் இருப்பார். வர்ஜீனியா டெக்கில் அந்த வேலையை 1995-லிருந்து 2019 வரை பார்த்தவர் ஃபாஸ்டர். சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பாடு எடுத்துப் போவாங்களே, அந்த மாதிரி அடிவாங்கின தகரப் பெட்டிதான் அவரோட டிஃபென்ஸுக்கு அடையாளம். வியர்வை சிந்தி உழைக்கணும், அவ்வளவுதான் அர்த்தம். 2006-இல் நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதும் வாங்கினார்.

அப்புறம் என்ன சண்டை? ஒரு கோஷ்டி சொல்லுது, "தேசிய சாம்பியன் பட்டம் எங்கே?" நியாயம்தான். 1999 சீசனின் இறுதி ஆட்டத்தில் மூணாவது குவார்ட்டர் முடியும்போது 29-28 என்று முன்னிலை. ஃபுளோரிடா ஸ்டேட் 46-29 என்று ஜெயிச்சது. இன்னொரு கோஷ்டி, "ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டு இருந்துட்டார்"ங்கிறது. 2018-இல் ஓல்ட் டொமினியன்கிட்ட 49 புள்ளிகள் விட்டது இன்னும் ஆறலை. அந்த வருஷம் எட்மண்ட்ஸ் சகோதரர்கள் ரெண்டு பேரும் என்எஃப்எல் டிராஃப்ட்டின் முதல் சுற்றிலேயே போயாச்சு என்பதை மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

என் கட்சியைச் சொல்லிடறேன். நான் எடுத்துக்கிற ஆட்டம் 2014 செப்டம்பர், கொலம்பஸ். எதிரே ஒஹாயோ ஸ்டேட், அவங்க சொந்த மைதானம், குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் அனுபவமில்லாத பையன். ஃபாஸ்டர் ஆட்களை முன்வரிசையில் நெருக்கி நிறுத்தி, ஓடுற வழியை அடைச்சுட்டார். "பந்தை எறிஞ்சுதான் என்னைத் தாண்டணும்"னு பந்தயம் கட்டுற மாதிரி. பின்னாடி கார்னர்பேக்குகள் தனியா மாட்டிக்குவாங்க. ஒருத்தர் சறுக்கினா டச்டவுன்தான். சிலது அப்படிப் போகவும் செஞ்சது. ஆனா ஏழு முறை பாரெட்டைக் கீழே சாய்ச்சாங்க, மூணு பாஸைப் பறிச்சாங்க. 35-21. அந்த சீசனில் ஒஹாயோ ஸ்டேட் தோற்ற ஒரே ஆட்டம் அது. சாம்பியன் பட்டமும் அவங்களுக்குத்தான். டெக்? சுமாரான சீசன். ஆள்பலம் குறைவா இருக்கிற அணிக்கு ஒரு பயிற்சியாளர் மூளையால் எவ்வளவு சேர்க்க முடியும்னு நான் அளக்கிறது இதை வெச்சுதான். கோப்பைக் கணக்கில் இது வராது.

அதுக்காக 2019-ஐ மறைக்கவும் முடியாது. அது கடைசி சீசன்னு முன்னாடியே அறிவிச்சுட்டார். சொந்த மண்ணில் டியூக்கிட்ட 45-10 உதை. நவம்பரில் அதே டிஃபென்ஸ் ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க் ரெண்டுக்கும் அடுத்தடுத்து பூஜ்யம் கொடுத்தது. அடுத்த வாரமே வர்ஜீனியாகிட்ட 39-30 தோல்வி. பரம எதிரியை 15 ஆட்டமா தொடர்ந்து ஜெயிச்ச கணக்கு அங்கே முடிஞ்சது.

இதுல எந்த வாரத்து ஃபாஸ்டர் உங்க ஃபாஸ்டர்? வாய்ஸ் நோட் அனுப்புங்க. டியூக் ஆட்டத்தை மட்டும் பிடிச்சுத் தொங்குறவங்க கொஞ்சம் சுருக்கமா பேசுங்க, ப்ளீஸ்.