பெறுபேறு வருமுன் பிள்ளையைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றாதீர்கள்

(2025 மே மாதம் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில், சங்கத்தின் கல்விக் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியை ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். வரவு செலவுத் திட்டத்தில் 1,700 என்றார்கள், கைக்கு வருவது இன்னும் 1,350. அதை நான் மறுபடியும் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தந்த விஷயம் கல்வி. கல்வி என்றதும் பின்வரிசையில் நாலு பேர் தேத்தண்ணி குடிக்க எழும்புவது தெரிகிறது. கொஞ்சம் உட்காருங்கள். இதுவும் காசு சம்பந்தப்பட்ட கதைதான்.

நம் பிள்ளைகள் மார்ச் 17 முதல் 26 வரை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தார்கள். பெறுபேறு இன்னும் வரவில்லை. போன வருஷம் மே மாதம் நடந்த பரீட்சைக்கு செப்டெம்பர் கடைசியில்தான் பெறுபேறு வந்தது. நாலு மாதத்துக்கும் மேலே. இந்த முறையும் சில மாதங்கள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில மாதங்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த நேரத்தில் லயத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை வீட்டில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பிரட்டுக்குப் போன பிறகு கைத்தொலைபேசியும் அதுவும்தான். சித்திரை வருஷத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாங்கின கடன் கழுத்தில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். நம் ஆள்தான், நம் ஊர்தான். "புள்ள சும்மாதானே இருக்கு, கொழும்புல நல்ல கடை, சாப்பாடு தங்குமிடம் எல்லாம் தாராங்க" என்பார். கையில் ஒரு முற்பணமும் வைப்பார். அடுத்த நாள் விடியற்காலை பஸ். பெறுபேறு வந்தால் திரும்பி வரலாம் என்றுதான் எல்லாரும் சொல்லி அனுப்புகிறார்கள். எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்? உங்கள் லயத்தில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன். பேர் வேண்டாம், அப்பா இந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்தான். 2024 மே பரீட்சை எழுதினான், ஜூனில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்குப் போனான். செப்டெம்பரில் பெறுபேறு வந்தபோது ஏழு பாடம் சித்தி, அதில் கணிதத்தோடு சேர்த்து நாலு பாடத்தில் திறமைச் சித்தி. எங்கள் பாடசாலையில் கணிதத்தில் திறமைச் சித்தி என்றால் அதிபர் வெடி கொளுத்தாத குறைதான். நான் வீட்டுக்குப் போனேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "டீச்சர், கூரைத் தகரத்துக்கு இருபதாயிரம் வாங்கிட்டோம். தீபாவளி யாவாரம் முடியாம விட மாட்டாங்களாம்." தீபாவளி முடிந்து வந்தான். அந்த வருஷம் பெறுபேறு வருவதற்கு முன்னமே, ஜூனிலேயே உயர்தர வகுப்புகளைத் தொடங்கச் சொல்லி கல்வி அமைச்சு அறிவித்திருந்தது. அவன் வந்து உட்கார்ந்தபோது மற்றப் பிள்ளைகள் ஐந்து மாதப் பாடம் முன்னுக்குப் போயிருந்தார்கள். ரெண்டு கிழமை வந்தான். பிறகு கடைக்கே திரும்பிப் போய்விட்டான். மாதம் தவறாமல் வீட்டுக்குக் காசு அனுப்புகிறான், நல்ல பிள்ளை. கணிதத்தில் அவன் கெட்டிக்காரன் என்பது அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது.

இருபதாயிரம் ரூபாவுக்காக ஒரு பிள்ளையின் உயர்தரம் போனது. அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. கூரை ஒழுகினால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கடனைப் பற்றி அவர் தோட்டக் கமிட்டியிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம். அதனால்தான் இதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசாமல் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிடப் பாரதூரமானது. 2021இல் மலையகத்துப் பிள்ளை ஒன்று கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயப்பட்டு இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் எல்லாரும் றோட்டில் நின்றோம். அந்த வருஷம் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை வீட்டுவேலைக்கு வைப்பதும் தடைசெய்யப்பட்டது. ஆகவே தரகர் "பதினாறு முடிஞ்சிருச்சே, வீட்டு வேலைதானே" என்றால் அவர் சொல்வது சட்டத்துக்கு விரோதமானது. தலைவர்மார் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள்.

சரி, அனுப்பாமல் வீட்டில் வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முதல் வேலை, பத்திரங்கள். பதினைந்து வயதானால் தேசிய அடையாள அட்டை எடுக்கலாம். பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதிபரே விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவார். பரீட்சைக்கு முன் எடுக்காமல் விட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ்தான்: பேரில் எழுத்துப் பிழை, அப்பா பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி உண்டு. இதெல்லாம் பிரதேச செயலகத்துக்கு மூன்று நாலு தரம் அலையும் வேலை. ஒவ்வொரு தரமும் ஒரு பேர் போகும். ஆகவே ஒரே நாளில் ஐந்தாறு குடும்பத்தைச் சேர்த்துக் கூட்டிப்போக மாதர் தலைவிமார் ஒழுங்கு செய்தால் நல்லது. நானும் ஒரு நாள் லீவு போட்டு வருகிறேன்.

ரெண்டாவது, எந்தப் பாடசாலை, எந்தப் பிரிவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தாம் பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கே இது தெரியாமல் இருக்கிறது. உயர்தரம் செல்ல, பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்றிலாவது திறமைச் சித்தி வேண்டும். பாடசாலைகளில் வகை இருக்கிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகை அல்லது இரண்டாம் வகை. இரண்டாம் வகை என்றால் பதினோராம் வகுப்போடு முடிந்தது. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும். விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும். ஹட்டன் வலயத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க நம் பிள்ளைகள் டவுனுக்குத்தான் போகிறார்கள்.

பஸ் இல்லை, தூரம், மழை, பெண் பிள்ளை என்று சொல்லி பக்கத்திலுள்ள பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்த்துவிடுகிறோம். கலை மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. நானே கலைப் பிரிவில் படித்தவள்தான். ஆனால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் போன்றவற்றில் 40 சதவீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசையில் எடுக்கிறார்கள். 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில். மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அதில் ஒன்று, பதுளையும் இரத்தினபுரியும்கூட. அதாவது மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களுக்கு நம் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு ஓட வேண்டியதில்லை, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் ஓட வேண்டும். கலைப் பிரிவில் பெரும்பாலான நெறிகளுக்கு இந்த மாவட்டக் கணக்கு கிடையாது. நாடு முழுக்க ஒரே வரிசை. நமக்கென்று இருக்கிற சலுகை எங்கே இல்லையோ, அங்கேதான் நம் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பிள்ளையும் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி எடுத்த பிள்ளை பஸ் இல்லாத காரணத்தால் கலைக்குப் போகிறது என்றால், அது தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய விஷயம். இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவுக்கு நம் சங்கத்தின் பேரில் கடிதம் போகட்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 'சிசு சரிய' பஸ் சேவை நாட்டில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள், எந்தச் சந்தியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று கணக்கோடு கேட்டால் டிப்போவில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சும்மா "பஸ் வேணும்" என்று கேட்டால் பைலுக்குள்ளே போய்விடும்.

பெறுபேறு சரியில்லாமல் வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள்தான் அதிகம். "ஃபெயிலாகிட்டான் டீச்சர், இனி என்ன" என்று கேட்பதை நிறுத்துங்கள். 2017இலிருந்து பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்ற திட்டம் நடக்கிறது. அதில் சேரச் சாதாரண தரத்தில் சித்தி பெற்றிருக்கத் தேவையில்லை. பன்னிரண்டு, பதின்மூன்றாம் வகுப்பில் தொழிற்பாடங்கள் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை, தேர்ந்தெடுத்த பாடசாலைகளில் மட்டும். நமக்குக் கிட்ட எந்தப் பாடசாலையில் என்ன தொழிற்பாடம் என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த இதழில் போடச் சொல்லிக் கல்விக் குழு தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு வழி தொழிற்பயிற்சி அதிகார சபை. அதோடு 'நைட்டா' என்று சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையும் இருக்கிறது. மின்சார வேலை, வாகனம் திருத்துதல், பேக்கரி, தையல், கணினி என்று பல நெறிகள். நிறைய நெறிகளுக்குக் கட்டணமில்லை, சிலவற்றுக்கு உண்டு, சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்தால் கிடைப்பது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். அதில் ஏழு மட்டம் இருக்கிறது. மூன்று, நாலாம் மட்டம் ஒரு தேர்ந்த தொழிலாளிக்கு, ஐந்து ஆறு டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். சாதாரண தரத்தில் தவறின பிள்ளையும் இந்த ஏணியில் பட்டம்வரை ஏறலாம்.

ஏற்கெனவே கொழும்பில் பேக்கரியிலும் கராஜிலும் ஐந்தாறு வருஷம் வேலை செய்கிற பெரிய பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கையில் இருக்கும் தொழிலைச் சோதித்துப் பார்த்து, வகுப்புக்குப் போகாமலே அதே தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நைட்டாவில் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது இதைச் சொல்லுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் வெளிநாடு போனால் கூலி, அது இருந்தால் தொழில் தெரிந்தவன் சம்பளம்.

உயர்தரப் பெறுபேறு ஏப்ரல் 26 வந்தது. தகுதி பெற்ற பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வந்தவுடன் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவுத் திகதி போனால் போனதுதான். எந்த நெறியை முதலாவது போடுவது என்பதில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், தனியாக விடாதீர்கள், என்னிடமோ வேறு ஆசிரியரிடமோ அனுப்புங்கள். தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் அறிவிப்பு வரும். பத்தனை ஸ்ரீபாத கல்லூரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே படித்து வந்தவர்கள்தான் இன்று நம் பாடசாலைகளில் பாதிப் பாடத்தைத் தாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

காசு உதவி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் 1947இல் தொடங்கியது. இந்திய உயர் ஸ்தானிகராலயம் நடத்துகிறது. தோட்டத்தில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு, உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும்போது புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் வரும், கண்டியில் உள்ள உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். விண்ணப்பம் போடத் தகுதியுள்ள பிள்ளைகள் பலர் விளம்பரத்தைப் பார்ப்பதே இல்லை. இதுபோன்ற விண்ணப்பங்களுக்குப் பெற்றோர் தோட்டத்தில் பதிந்தவர் என்று தோட்டக் காரியாலயக் கடிதம் கேட்பார்கள். காரியாலயத்தில் இழுத்தடித்தால் உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள், கடிதம் வாங்கித் தருவது அவர் வேலை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ஆகஸ்ட்டில். அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையைப் போட்டு வதைப்பதை விட்டுவிட்டு, இரவு எட்டரைக்குத் தூங்க விடுங்கள், போதும்.

இப்போது ஒரு தாள் தருகிறேன். ஒவ்வொரு பிரிவிலும் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதின பிள்ளைகளின் பேர், அடையாள அட்டை இருக்கிறதா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மூன்றே விஷயம். கொழும்பில் என்றால் கொழும்பு என்று எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். யார் கூட்டிப்போனது, முற்பணம் எவ்வளவு என்பதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அது கமிட்டிக்கு வெளியே போகாது. முற்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பற்றிச் சங்கம் அந்த முதலாளிமாரோடு பேசத் தயார் என்று செயலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லார் முன்னாலும் சொல்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தாளை ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரப்பிக் கொண்டு வாருங்கள். எழுத ஆள் இல்லாத பிரிவுகளுக்கு என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேரை அனுப்புகிறேன். பேனை இல்லாதவர்கள் போகும்போது என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.