வளரிளம் பருவத்தினரின் குணவேறுபாடும் தன்னடக்கமும்

(சேலையூரில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளுள் ஒருவன் கலகலப்பாகப் பழகுகிறான். மற்றவன் ஒதுங்கி நிற்கிறான். ஒருத்தி சட்டெனச் சினம் கொள்கிறாள். மற்றொருத்தி பொறுத்துப் போகிறாள். குணவேறுபாடு இயற்கையே. ஆயினும், வெளியே தோன்றுவன எல்லாம் பிறவிக் குணங்கள் அல்ல.

கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களை எண்ணிப் பாருங்கள். கோயம்புத்தூரில் அவர் பயின்ற கல்விக்கூடத்தில் சுமார் 400 மாணவர்கள். ஏறத்தாழப் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே இருந்து படித்தார். வகுப்பு முடிந்ததும் பிறர் எட்டாதபடி விரைந்து வீடு சேர்ந்தார். தம் வரலாற்றில் அவரே இதனை எழுதியுள்ளார். கண்டவர்கள் அவரைக் கூச்ச சுபாவம் உடையவர் என்றே எண்ணியிருப்பர். அவரே 1893-இல், தாம் மறைத்த பெயரையே சூட்டிப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார்.

ஆகவே, அஞ்சி அடங்குவது வேறு, தன்னடக்கம் வேறு. முன்னது பிறர் பூட்டிய விலங்கு. பின்னது தன் கையில் உள்ள கடிவாளம்.

அக்கடிவாளம் நம்பிக்கையால் உறுதி பெறுகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 28 சிறு குழந்தைகள் பங்கு பெற்றனர். நல்ல வண்ணக்கோல்கள் தருவதாகச் சொல்லி ஒரு சாராருக்குத் தந்தனர், மறுசாராருக்குக் கைவிரித்தனர். பின்னர் ஓர் இனிப்பை முன்வைத்து, உண்ணாமல் பொறுத்திருந்தால் இன்னொன்றும் தருவதாகக் கூறினர். வாக்குக் காக்கப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாந்தவர்கள் 3 நிமிடமே பொறுத்தனர். ஏமாந்த பிள்ளை காத்திராதது பலவீனமன்று, பட்டறிவு.

வளரிளம் பருவத்திற்கும் இது பாடமாகும். முன்யோசனைக்குரிய மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. எனவே, பெற்றோர்களே! தேர்வு முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சொன்னால் வாங்கித் தாருங்கள். இயலாதெனில் முன்னரே காரணம் சொல்லுங்கள். ஒருவனை மற்றவனோடு ஒப்பிட்டு இழித்துரையாதீர்கள். கற்றால் உயரலாம் என்பது நம் பிள்ளைகளுக்குச் சமுதாயம் அளித்த வாக்கு. உதவித்தொகை காலத்தில் வந்து சேராவிடில் அவ்வாக்குப் பொய்த்துப் போகும். அதனைக் கேட்டுப் பெற்றுத் தருவது கல்விச் சங்கங்களின் கடமை.

மாணவச் செல்வங்களே! இழிவு கண்டு எழும் சினம் குற்றமன்று. அதனை எப்போது, எவ்வழியில் வெளியிடுவது என நீங்களே தேர்ந்துகொள்வதுதான் தன்னடக்கம். சீனிவாசன் அதனை எழுத்தாக்கினார். உங்களுக்கும் ஒரு வழி உண்டு. அதனைக் கல்வி காட்டும்.