உம்மணாமூஞ்சி: யாருக்கு யார் வைத்த பெயர்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உம்மணாமூஞ்சி. கேட்டதும் சிரிப்பு வருது இல்லையா? சிரிக்க வைக்கிற சொல்லுக்குள்ளேயும் அதிகாரம் உட்கார்ந்திருக்கும்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். 'உம்' என்பது வாயை மூடியபடி எழுப்புகிற ஒலி. கதை கேட்கிறவர் 'உம்' கொட்டினால் சம்மதம், மேலே சொல்லு என்று அர்த்தம். அதே ஆள் 'உம்முனு' உட்கார்ந்திருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். அடுத்தது மூஞ்சி. பெரிய மனிதர்களுக்கு முகம். நமக்குத்தான் மூஞ்சி.

முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பண்ணையார் சிரிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் 'கண்டிப்பானவர்'. கூலி குறைந்ததென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு களத்தில் நிற்கிறவர் 'உம்மணாமூஞ்சி'. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் 'திமிர் பிடிச்சவன்'. அலுவலகங்களிலும் இதே கதைதான். அதிகாரி கடுகடுவென்றிருந்தால் 'வேலையில் கறார்'. கூட்டிப் பெருக்குகிற அம்மா பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனால், 'அது ஏன் எப்பவும் உம்முனு இருக்கு?' அந்த 'அது'வையும் கவனியுங்கள்.

பெண்களுக்கு இரட்டைப் பூட்டு. சிரித்தால் 'பொம்பளை சிரிச்சா போச்சு'; சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி. இதை ஊர்த்தெரு மட்டும் சொல்லவில்லை, சேரியில் நம்ம ஆண்களும்தான் சொல்கிறார்கள்.

இலக்கியத்துக்கு வருவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. வெகுளி அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் சொல்கிறது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள், 131 முதல் 133 வரை, புலவியும் ஊடலும்தான். மொத்தம் 30 குறள். தலைவி முகம் திருப்பினால் ஏன் என்று பார்க்க ஒரு மரபே இருக்கிறது. உழைக்கிறவர் முகம் திருப்பினால்? ஒரு வசைச்சொல், அவ்வளவுதான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கோபம் என்று சொன்னால் 'எதுக்குக் கோபம்?' என்ற கேள்வி வரும். கூலி, குவளை, கோயில், சுடுகாடு என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். உம்மணாமூஞ்சி என்று சொல்லிவிட்டால் கேள்வியே கிடையாது. மூஞ்சியே அப்படி, பிறவியே அப்படி. மனிதர்கள் செய்து வைத்த ஒன்றைப் பிறவிக் குணமாகக் காட்டுவதுதானே சாதி? இந்தச் சின்னச் சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது.

1920இல் அம்பேத்கர் தொடங்கிய இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயர். ஊமைகளின் தலைவன் என்று பொருள். பேசவிடாமல் ஊமையாக்கப்பட்டவர்களுக்காக வைத்த பெயர் அது. 'உம்'மென்று இருக்கிறவரும் பிறவி ஊமையில்லை. சொல்ல இருக்கிறது, சொல்ல இடமில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சாதியின் பேரால் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் எதிரே நிற்கும்போது சிரித்த முகமாக நிற்கணும் என்கிற எழுதாத சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, விடுதியிலோ வகுப்பிலோ யாரையாவது அப்படிச் சொன்னால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். 'என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது நாம் 'உம்' கொட்டிக் கேட்போம். என்ன செய்வது என்பதைப் பிறகு சேர்ந்து முடிவு செய்வோம்.