தானே புல் வெட்டும் பொறி

இங்கிலாந்தின் எட்வின் படிங் 1830ஆம் ஆண்டில் புல்வெட்டும் பொறியை அமைத்தார். 1995இல் சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம், கதிரவன் ஒளியால் தானே இயங்கும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் ஒருவர் அத்தகைய பொறியை வாங்க எண்ணினால், முதலில் ஆராயவேண்டியது பொறியையன்று, தம் நிலத்தையே.

செங்குத்தான சரிவில் சக்கரம் வழுக்கும். விழுந்த தென்னோலையும் குரும்பையும் வழி மறிக்கும். ஆதலால் புற்றரையைத் துப்புரவாக்குதல் முதற்பணி. எல்லைக் கம்பி வேண்டும் வகையாயின், அதனைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் மின்னேற்றும் நிலையத்தில் இணைத்தல் வேண்டும். கம்பியிற் பாயும் மின்சைகையை உணர்ந்தே பொறி திரும்புகிறது. சித்திரை மாதத்து இடிமழை வேளையில் இணைப்பைக் கழற்றிவைத்தல் நலம்.

இரவில் பொறியை ஓட்டலாகாது. தவளையையும் ஆமையையும் அதன் அலகு அறியாது. குழந்தைகள் விளையாடும்போதும் அது ஓய்ந்திருக்கட்டும். வெட்டிய புல் மீண்டும் வளரும். பிஞ்சு விரல் வளராது.