மண்ணெண்ணெய் விலையும் கரண்ட் பில்லும்

(கந்தப்பளையில் நடைபெற்ற தோட்டக் குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக இந்தக் கூட்டத்தில் போஷாக்கு, குடிப்பழக்கம், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு விசயம். பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் அடிக்கடி அடிபடும் எண்ணெய் விலை, கரண்ட் பில் பற்றிப் பேசப் போகிறோம். இதெல்லாம் கொழும்பில் பெரிய மனுசர் பேசுகிற சங்கதி, நமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். அடுப்பும் விளக்கும் நம்முடையதுதானே.

நம் நாட்டில் 1961ல் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் 1969ல் மின்சார சபையும் உண்டாயின. 1977ல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1992ல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஆனாலும் எண்ணெயும் கரண்ட்டும் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்து வந்தன. இதையும் சந்தைக்கு விட வேண்டும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது என்ன? கந்தப்பளை ஆட்களுக்கு லீக்ஸை வைத்துச் சொன்னால் லேசாக விளங்கும். லீக்ஸ் கிலோ இருபது ரூபாவுக்கு மேல் விற்கக் கூடாது என்று நாளைக்கே ஒரு கட்டளை வந்தால் யார் பாத்தி கட்டுவார்கள்? உரக் காசுகூட வராதே. கொஞ்ச நாளில் சந்தையில் லீக்ஸே இருக்காது. இருப்பதும் பின்வாசலால் நூறு ரூபாவுக்குப் போகும். எண்ணெயும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா என்று அரசாங்கம் விலையைக் கட்டி வைத்திருந்தது. ஏழைக்காகத்தான் அந்த விலை. ஆனால் அந்த விலைக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது? கேனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, ஒரு நாள் பேரையும் இழந்து, வெறுங்கையோடு திரும்பினவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். டீசலை விட மிகவும் மலிவாக இருந்ததால் லொறிக்கும் பஸ்சுக்கும் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். ஏழையின் பேரில் வைத்த விலை யாருக்கோ லாபமாய்ப் போனது. பிறகு 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறியது. படிப்படியாக ஏறியிருந்தால் நாமும் படிப்படியாகச் சமாளித்திருப்போம். அணையில் தேக்கி வைத்து ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மலிவான விலைக்குப் பதிலாக, கஷ்டப்பட்ட குடும்பத்தின் கையில் அந்தக் காசையே கொடுத்திருந்தால் லொறிக்காரனுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது என்பது நம்முடைய எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003ல் லங்கா ஐ.ஓ.சி. என்ற இந்தியக் கம்பனி இங்கே வந்தபோது எத்தனையோ எதிர்ப்பு. ஆனால் 2022 ஜூன் கடைசியில் கூட்டுத்தாபனத்திடம் எண்ணெய் தீர்ந்து, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் நிறுத்தியபோது, பொதுமக்களுக்குக் கொஞ்சமாவது ஊற்றியது அந்தக் கம்பனிதான். இரண்டாவது கடை ஒன்று இருந்தது நல்லதாய்ப் போயிற்று. 2023ல் சீனாவின் சினோபெக்கும் வந்தது. கடைகள் கூடினாலும் விலை ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

இனி கரண்ட்டுக்கு வருவோம். இங்கேதான் லீக்ஸ் கணக்குச் சரிவராது. ஒரு கடையில் விலை கூட என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். நம்முடைய லயத்துக்கு வருவது ஒரே ஒரு கம்பி. வேறு எங்கே போவது?

மாதம் 30 யூனிட் மட்டும் பாவிக்கும் ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பல்ப், ஒரு டீவி என்று வையுங்கள். 2022 ஆகஸ்டுக்கு முன் யூனிட்டுக்கு இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. பில் 105 ரூபா. அந்த ஆகஸ்டில் அதே 30 யூனிட்டுக்கு 360 ரூபா. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் ஆகி, பில் 1,300 ரூபா! அப்போது நாடு முழுவதுக்கும் சராசரி 66 வீத உயர்வு என்று சொன்னார்கள். நமது சின்ன வீட்டுக்கோ மூன்றரை மடங்குக்கு மேல். சராசரி என்ற சொல்லுக்குள் நாம் காணாமல் போய்விட்டோம். 2023 ஜூலையில் 450க்கு இறங்கியது. பிறகு கொஞ்சம் ஏறி இறங்கி, 2025 ஜனவரியில் 195 ரூபா, ஜூனில் 215 ரூபா.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு மழையும் ஒரு காரணம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை எல்லாம் நிறைந்திருந்தால் கரண்ட் மலிவாய் உண்டாகும். வரட்சி வந்தால் எண்ணெயையும் நிலக்கரியையும் டொலர் கொடுத்து வாங்கி எரிக்க வேண்டும். (நமது மலைத் தண்ணீரில் கரண்ட் எடுத்து ஊரெல்லாம் வெளிச்சம் போட்ட பிறகும் எத்தனை வருசம் நம் லயங்களில் குப்பி லாம்பு எரிந்தது என்பது தனிக் கதை.)

ஆகவே ஒரே கம்பி இருக்கும் இடத்தில் விலையைப் பார்த்துச் சொல்ல ஒரு நடுவர் வேண்டும். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுதான் அந்த நடுவர். 2023 பெப்ரவரி உயர்வை எதிர்த்து நின்ற அதன் தலைவரை அதே வருடம் மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியது. அவர் சரியா பிழையா என்பதை விடுங்கள்; விசில் ஊதும் நடுவரைக் களத்தை விட்டு அனுப்பினால் மற்ற நடுவர் எப்படி ஊதுவார்? சந்தைதான் சரி என்போரும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். அமைச்சர் சொன்னபடி ஏறி இறங்கும் விலை சந்தை விலை ஆகாது.

நடுவர் வேலை செய்தால் பலன் உண்டு என்பதையும் கண்டோம். கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று 2024 கடைசியில் மின்சார சபை கேட்டது. ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, கணக்கையும் பார்த்து, 2025 ஜனவரியில் சராசரி 20 வீதம் குறைத்தது. அந்தக் கூட்டங்களில் ஹோட்டல்காரர், தொழிற்சாலைக்காரர், சங்கத்தார் எல்லாம் எழுந்து பேசுகிறார்கள். லயத்து ஆட்களும் எழுந்து பேசலாம். போக முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம்.

எழுதுவதற்கு நம்மிடம் ஒரு பெரிய விசயம் இருக்கிறது. சில லயங்களில் இரண்டு, மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர். 60 யூனிட்டுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் மலிவான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு கணக்கு. ஆளுக்கு 30 யூனிட் என்று மூன்று வீடு சேர்ந்தால் 90 ஆகிவிடும். ஏழை வீடு மூன்று, பில்லில் ஒரு வசதியான வீடாக மாறிவிடுகிறது. எந்த விலைக் கொள்கை வந்தாலும் தனி மீட்டர் இல்லாதவருக்கு அதன் நன்மை வந்து சேராது.

எனவே கடைசி ஆறு மாதப் பில்களை எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை பின்னேரம் நலன்புரி காரியாலயத்துக்கு வாருங்கள். கூட்டு மீட்டர் உள்ள வீட்டார் ஒன்றாகவே வாருங்கள். எத்தனை வீடு, எத்தனை ஆள், எத்தனை யூனிட் என்று எழுதி, தனி மீட்டருக்கு விண்ணப்பமும் ஆணைக்குழுவுக்குக் கடிதமும் அன்றைக்கே தயார் செய்வோம். பில்லைத் தொலைத்தவர்கள் கணக்கு இலக்கத்தையாவது குறித்துக்கொண்டு வாருங்கள்.